பெல்ட் மாட்டும் இடத்தில் நம் கடைப் பெயர்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்க வழியில்லை. காலையில்தான் நீயும் நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். நீ போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். நேரில் பேசினால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. நான் வண்டி என்று வாயைத் திறந்தாலே நீ 'ஆரம்பிச்சுட்டீங்களாப்பா' என்கிறாய், எனக்கும் சுர்ரென்று ஏறிவிடுகிறது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் வீட்டில் சத்தம் கூடாது என்று உன் அம்மா நம் இருவர் வாயையும் கட்டிப் போட்டிருக்கிறாள். எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. மத்தியான நேரம், கடையில் கூட்டமில்லை. பில் போடும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபமாக எழுதியிருப்பதாக உனக்குத் தோன்றினால், அது கோபமில்லை, பயம். எனக்கு இரண்டும் ஒரே குரலில்தான் வரும், அது உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உன் காரில் அம்மாவும் நாமுமாக அடையாறில் உன் சித்தப்பா வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனோமே, திரும்பும்போது நான் நந்தனத்தில் இறங்கிக்கொண்டேன். ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். யாரையும் பார்க்கவில்லை. நீ கண்ணில் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அடையாறு சிக்னலில் நம் பக்கத்தில் ஒரு சிவப்பு வண்டி வந்து நின்றது. அவனும் உன்னைப் போலவே சக்கரம், சைலன்சர் எல்லாம் மாற்றியவன் போல. அவன் உறுமினான், நீயும் உறுமினாய். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பச்சை விழுந்ததும் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முன் சீட்டில் வைத்திருந்த பத்திரிகைப் பையும் தட்டும் சரிந்து குங்குமம் எல்லாம் கொட்டியது. இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நீ புகுந்து போனபோது ஒரு ஸ்கூட்டர்காரர் மிரண்டு ஓரத்தில் காலை ஊன்றி நின்றுவிட்டார். ஸ்கூட்டரில் அவருக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை நின்றிருந்தது. நீ அதைப் பார்க்கவில்லை. நான் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன்.

நான் இறங்கும்போது அம்மாவையும் இறங்கச் சொல்லி ஜாடை காட்டினேன். அவள் அசையவில்லை. வீட்டுக்கு வந்தபின் கேட்டேன். "பிள்ளை நல்லாத்தான ஓட்டுதான், உங்களுக்குத்தான் எதுக்கெடுத்தாலும் பதட்டம்" என்றாள். வழி முழுக்கக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி 'முருகா முருகா' என்று வந்தவள் எப்படிப் பார்த்தாளாம்? அதைத்தான் நானும் கேட்டேன். "நீங்க இறங்கிட்டீங்க. நானும் இறங்கிட்டா அவன் தனியால்லா போவான்" என்றாள். அவள் உட்கார்ந்திருந்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, அதனால் நான் ஆட்டோவில் வந்தேன்.

வண்டியை நீ அலங்காரம் செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஜவுளிக் கடைக்காரன் அலங்காரத்தைக் குறை சொல்லலாமா? சாதாரணப் புடவையைப் பொம்மைக்கு மடிப்பு எடுத்துக் கட்டி விளக்கைப் போட்டால்தான் நமக்கு வியாபாரம். பழைய வண்டியாக வாங்கி, ஈக்காட்டுத்தாங்கலில் மெக்கானிக் அன்வரின் ஷெட்டே கதி என்று கிடந்து, ஒவ்வொரு சாமானாகத் தேடித் தேடி மாட்டினாய். உன் கையில் கிரீஸ் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பையனுக்கு ஒரு வேலையில் பித்து இருக்கிறதே என்று. வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியபிறகு நம் தெரு முனை வேகத்தடையில் அடி தட்டும். அதில் நீ ஏற்றுகிற அழகு இருக்கிறதே, வண்டியை ஒருச்சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறந்த குழந்தையைக் கைமாற்றுகிற மாதிரி அப்படி ஒரு பதவிசு. பம்பரில் கீறல் விழக் கூடாது என்று உனக்கு இருக்கிற அக்கறை அந்த ஸ்கூட்டர் குழந்தை மேல் ஏன் வரவில்லை என்றுதான் ராத்திரி முழுக்க யோசித்தேன்.

கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினாய். பாலத்துக்குப் பக்கத்தில் போலீஸ் பிடித்து அபராதம் போட்டு உரிக்க வைத்தார்கள். அடுத்த வாரமே மறுபடி ஒட்டினாய். ஏன்டா என்றால், "அதான் ஃபைன் கட்டியாச்சுல்லப்பா, இன்னும் என்ன?" என்றாய். அபராதம் என்பது தப்பு செய்ய வாங்குகிற டிக்கெட் மாதிரி பேசினாய். சைலன்சருக்கும் அதே கதைதான். போலீஸ் நிற்கிற இடம் உனக்கும் உன் நண்பர்களுக்கும் மனப்பாடம். அந்த இடத்தில் பூனை மாதிரி போவீர்கள், தாண்டியதும் வெடி போட்டது போல ஒரு சத்தம். இதையெல்லாம் இவன் எங்கே கற்றான் என்று நான் ஊரையும் உன் நண்பர்களையும் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் கடை வாசலைப் பார்த்தேன், பதில் அங்கேயே நின்றது.

நம் கடைப் பொம்மைகள் நாலும் எப்போதும் நடைபாதையில்தான் நிற்கும். கார்ப்பரேஷன்காரர் தெரு முனையில் வருகிறார் என்று ஒரு குரல் வந்தால் போதும், வரிசையில் அத்தனை கடைக்காரரும் பொம்மையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவோம். அவர் தலை மறைந்ததும் மறுபடி வெளியே. நீ பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்கு வருவாய், அந்தக் கூத்தைக் கைதட்டிப் பார்ப்பாய், சின்னப் பொம்மையை நீயே தூக்கிக்கொண்டு ஓடியும் இருக்கிறாய். ஸ்கூட்டரில் நாம் நாலு பேர் போவோம், நினைவிருக்கிறதா? சிக்னலில் போலீஸ்காரரின் வெள்ளைச் சட்டை தெரிந்தால் கொஞ்சம் முன்னாலேயே அம்மாவையும் உன் அக்காவையும் இறக்கி நடக்க விட்டு, அந்தப் பக்கம் போய் ஏற்றிக்கொள்வேன். நல்ல பிள்ளையாக நீ மட்டும் முன்னால் நின்று வருவாய். சட்டம் என்றால் ஆள் வரும்போது உள்ளே இழுத்துக்கொள்வது என்று நான் உனக்கு வாயால் சொல்லவில்லை. செய்து காட்டியிருக்கிறேன். இப்போது எந்த முகத்தோடு உனக்குப் புத்தி சொல்வது?

இதற்கெல்லாம் மேல் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன், சுற்றி வளைத்துவிட்டேன். போன தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தோம். காலண்டர், சில்வர் டம்ளர், துணிப்பை எல்லாம் கொடுத்துச் சலித்துவிட்டது. பரிசுச் சாமான் விற்கிற ஆள் ஒருவர் வந்து கனமான, பளபளப்பான ஒரு இரும்புத் துண்டைக் காட்டினார். முன்னால் தட்டையாக ஒரு நாக்கு, பின்னால் ஒரு வளையம். தலையில் அம்மன் படமும் கடைப் பெயரும் பொறித்துத் தருவதாகச் சொன்னார். எனக்கு அது சாவிக்கொத்தாகப் பட்டது. கல்லாப் பக்கத்தில் நின்ற நீ அதைக் கையில் வாங்கிச் சிரித்தாய். "அப்பா, இது செமயா ஓடும். கார் வெச்சிருக்கவங்க ஒருத்தர் விடாம மாட்டுவாங்க" என்றாய். எதில் மாட்டுவார்கள் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக வந்து இறங்கியது. ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, என் கையாலேயே ஒவ்வொரு பையிலும் போட்டேன். சும்மா போட்டேனா? "கார்ல மறக்காம மாட்டிக்கோங்க, அம்மன் துணை இருப்பா" என்று சொல்லிச் சொல்லி வேறு கொடுத்தேன்.

கோபாலபுரத்து டீச்சரம்மா உனக்குத் தெரியும், வருஷம் தவறாமல் நம்மிடம் துணி எடுக்கிறவர். பொங்கல் கழிந்து ஒருநாள் புருவத்துக்கு மேல் தையல் போட்ட அடையாளத்தோடு வந்தார். கைப்பையிலிருந்து அந்த இரும்பை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இது என்னன்னு தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"சாவி மாட்டுறதும்மா."

"சாவி இல்ல அண்ணாச்சி. பெல்ட் மாட்டுற ஓட்டையில இதைச் சொருகிட்டா, பெல்ட் போட்டாச்சுன்னு வண்டி ஏமாந்துடும். டிங் டிங்னு கத்தாது. எங்க வீட்டுக்காரர் அதுக்குத்தான் மாட்டி வெச்சார். நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு, பிரேக் போட்டார். எங்க தெருவுல என்ன பெரிய வேகம் போயிட முடியும்? அதுக்கே இது."

அவர் சண்டை போட வரவில்லை. வழக்கம் போல துணி எடுத்துக்கொண்டு, சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது போதாதென்று ஊரார் மடியிலும் விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து கார் வைத்திருக்கிற வாடிக்கையாளர் யார் வந்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுகிறேன், பதிலுக்கு நல்ல துண்டு ஒன்று தருகிறேன். சிலர் கொண்டு வந்தார்கள். பலர், "இருக்கட்டும் அண்ணாச்சி, அது இல்லேன்னா வண்டி ஓயாம கத்துது" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். எங்காவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அடிபட்டது யார் வண்டியோ, அதில் நம் கடைப் பெயர் மாட்டியிருக்குமோ என்று வாசலுக்கு வந்து நிற்கிறேன். உனக்கு இது கிறுக்காகத் தெரிந்தது. "நாம குடுக்கலன்னா கடையில வாங்கி மாட்டப் போறாங்க, விடுங்கப்பா" என்றாய். உன் வண்டியில் இருக்கிறதா என்று அப்போதே கேட்டேன். "எடுத்துட்டேன்பா" என்றாய். நானும் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை பவித்ரா அவள் அம்மாவோடு ரவிக்கைத் துணி பார்க்க வந்திருந்தாள். அவள் அம்மா நிறம் சேருகிறதா என்று வெளிச்சத்துக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மருமகளாக வரப்போகிற பிள்ளை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்குப் பேச்சாக, இவன் வண்டியில் போகப் பயமாக இல்லையாம்மா என்று கேட்டேன். "கொஞ்சம் வேகம்தான் மாமா. நான் சொன்னா குறைச்சுடுவார். அப்புறம் மறந்துடுவார்" என்று சிரித்தாள். நீயாவது பெல்ட்டைப் போட்டுக்கொள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. வளையலை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"அங்கதான் நம்ம கடைப் பேரு மாட்டியிருக்கே மாமா. அம்மன் படம் வேற. நீங்க ஏதோ வேண்டுதலுக்கு மாட்டினதுன்னு நெனச்சேன். அதை எப்படிக் கழட்டிக் காலுக்குக் கீழ வெக்கிறது? கல்யாணத்துக்கு முன்னாடியே வீட்டு அம்மனைக் கழட்டிட்டாள்னு யாராவது சொல்லிட்டா?"

அந்தப் பெண் இத்தனை மாதமாக உன் பக்கத்தில், கடற்கரைச் சாலையில், உன் வேகத்தில், பெல்ட் இல்லாமல் போய் வந்திருக்கிறாள். பிடிவாதத்தால் இல்லை, சோம்பலால் இல்லை. நமக்குக் கொடுத்த மரியாதைக்காக! "அது வேண்டுதல் இல்ல தாயி, வெறும் இரும்பு. சாமி குத்தம் ஒண்ணும் வராது, கழட்டி வீசிட்டுப் பெல்ட்டைப் போடு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க மாமா. வந்ததும் வராததுமா நான் கை வெச்சா, அவர் வண்டியை நான் குறை சொல்ற மாதிரி ஆயிடும்" என்றாள். அவள் அம்மா பச்சைத் துணியோடு வந்துவிட்டார், பேச்சு அதோடு நின்றது.

புதன்கிழமை காலை உன்னிடம் சொல்லாமல் ஈக்காட்டுத்தாங்கல் போனேன். கல்யாணத்துக்காகக் கழுவிப் பாலிஷ் போட வண்டியை அன்வரிடம் விட்டிருந்தாயே, அதைப் பார்க்கத்தான். "இன்னா அங்கிள், நீங்க எங்க இங்க? ஒரு போன் அடிச்சிருந்தா நானே வண்டிய எடுத்தாந்திருப்பேன்ல" என்று அவன் பதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். டீ வாங்கப் போனான். நான் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். உன் பக்கம் ஒன்று, பவித்ரா பக்கம் ஒன்று, இரண்டிலும் அம்மன் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இருந்ததைப் பிடுங்கினேன், லேசில் வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். டீயோடு வந்த அன்வர் என் கையைப் பார்த்துவிட்டான். "நானும் சொல்லிக்கினே கீறேன் அங்கிள். கேட்டாத்தானே? கல்யாணம் ஆவட்டும் மச்சி, அப்பால பாத்துக்கலாம்ன்றான்" என்றான். அவன் உண்மையைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் சொல்லிக்கொண்டே உனக்கு இன்னும் சத்தமான சைலன்சரை மாட்டித் தந்தவனும் அவன்தான்.

அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். வேறொன்று வாங்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? என்னிடம் எடுத்துவிட்டேன் என்று சொன்ன நீ, என்னை அந்தக் கார்ப்பரேஷன்காரர் இடத்தில் வைத்துவிட்டாய். நான் வந்தால் பொம்மை உள்ளே, நான் போனால் பொம்மை வெளியே. அது எனக்கு வேண்டாம். அதனால் எடுத்ததை எடுத்த இடத்திலேயே திரும்பச் சொருகிவிட்டு வந்தேன். நான் செய்தது சரியா என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. உன் கையால் கழற்ற வேண்டும் என்று நினைத்தேன், நீ கழற்றாவிட்டால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன், நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். இன்று காலை நம் பொம்மைகளைக் கடைக்குள்ளேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். கார்ப்பரேஷன்காரர் யாரும் வரவில்லை. பக்கத்துக் கடை அண்ணாச்சி வந்து, உடம்புக்கு முடியலையா என்று விசாரித்துவிட்டுப் போனார். வாசல் மூளியாகத்தான் இருக்கிறது, வியாபாரம் குறையத்தான் செய்யும். ஆனால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். தோழனாகவே கேட்கிறேன். கறுப்புத் தாளை உரி, சைலன்சரை மாற்று, சிக்னலில் எவன் உறுமினாலும் திரும்பிப் பார்க்காதே என்று நான் நூறு சொல்லலாம். சொல்லத்தான் போகிறேன், கல்யாணம் முடிந்து வந்தபின் தினமும் சொல்லி உன் உயிரை வாங்குவேன். குலதெய்வம் கோவிலுக்கு நண்பர்கள் வண்டியெல்லாம் பின்னால் வர, வரிசையாக நெடுஞ்சாலையில் போகத் திட்டம் என்று உன் அக்கா சொன்னாள். அதைப் பற்றியும் பேச வேண்டும். ஆனால் எனக்குத் தெரியும், ஒரே நாளில் நீ மாறமாட்டாய். என் மகன் அல்லவா, நானே மாற இத்தனை வயது ஆகியிருக்கிறது. அதனால் இப்போதைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவளைப் பெற்றவர் அவள் கையைப் பிடித்து உன் கையில் கொடுக்கப் போகிறார். உன்னை நம்பி மட்டும் கொடுக்கவில்லை, என்னையும் பார்த்துத்தான் கொடுக்கிறார். உங்கள் இருவரில் ஒருவருக்கு ஒன்று என்றால் அந்த மனிதர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

கல்யாணம் முடிந்து அசோக் நகர் மண்டபத்திலிருந்து நீங்கள் இருவரும் முதல்முதலாக அந்த வண்டியில் வீட்டுக்கு வருவீர்கள். மாலை போட்டிருப்பார்கள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், உன் நண்பர்கள் விசில் அடிப்பார்கள். அத்தனை கூட்டத்திலும் நான் அவள் பக்கத்து ஜன்னலை ஒட்டி நிற்பேன். அந்த இரும்பு இரண்டையும் நீயே கழற்றி, ஜன்னல் வழியாக என் கையில் கொடு. அம்மனை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் முதலில் அவளுக்குப் பெல்ட்டை மாட்டிவிடு, பிறகு நீ மாட்டிக்கொள். எல்லாம் முடிந்தபிறகு வண்டியை ஸ்டார்ட் செய் ராசா, அதற்கு முன்னால் செய்யாதே. உன் வண்டி உறும ஆரம்பித்துவிட்டால், பெல்ட் விழுகிற அந்த 'டக்' சத்தம் எனக்குக் கேட்காது. அது என் காதில் விழ வேண்டும்.

அப்பா